பச்சையம்மாவுக்கு ஒரு மாம்பழம்

என் பச்சையம்மாவுக்கு,

நான்தான் எழுதுகிறேன். நம்ப மாட்டாய். மண்ணூர் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் என்னைப் போன்ற கிழங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். பேனா இன்னும் வழுக்குகிறது. ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் முடித்ததும் ஒரு சந்தோஷம் வருகிறதே, அதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல?

நம் பேத்தி தீபாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. சுங்குவார்சத்திரம் பக்கத்துக் கம்பெனியில் கடைசி வரைக்கும் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பிறந்த அன்றே குழந்தையின் முகம் மஞ்சளாகிவிட்டது. பிறகு கண்ணின் வெள்ளையும். என்னால் உட்கார முடியவில்லை. அந்த மஞ்சளை முன்பே பார்த்தவன் அல்லவா நான்?

நம் மூத்தவளுக்கும் அப்படித்தான். "மாசமா இருக்கச்சொல்ல மாம்பழமா தின்னா இல்ல, அதான் பாலுல எறங்கிகீது" என்றாள் என் அம்மா. பாலை நிறுத்தினார்கள். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். வெயிலில் காட்டினார்கள், மந்திரித்தார்கள். குழந்தை அழக்கூட மறந்து தூங்கிக்கொண்டே இருந்தது. பெயர் வைக்கும் முன்பே போய்விட்டது.

உனக்குப் பால் கட்டிக் காய்ச்சல். சேலை நனைய உட்கார்ந்துகொண்டு, "எம் பாலாய்யா அத கொன்னுச்சு?" என்று கேட்டாய். எனக்கு என்ன தெரியும்?

அதற்குப் பிறகு நீ மாம்பழம் தின்னவே இல்லை. மகன் வளர்ந்து கூடையோடு வாங்கி வந்தபோதும், எல்லாருக்கும் அறுத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வாய். அவன் கேட்டால், "எனக்குப் புடிக்காதுடா" என்பாய்.

இந்த முறை ஆஸ்பத்திரியில் தீபாவின் மாமியார் சர்க்கரைத் தண்ணீரோடு நின்றார். "பால நிறுத்தும்மா. ஒன் ஒடம்பு சூடு, அதான் கொழந்தைக்கு எறங்குது." கெட்டவர் இல்லை, அவரும் பயத்தில்தான் சொன்னார். தீபா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கு உன் முகம்தான் தெரிந்தது.

"இரு சம்பந்தி, டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுடலாம்" என்றேன்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தாயின் ரத்த வகையும் குழந்தையின் ரத்த வகையும் சேரவில்லையாம். "முதல் நாளே மஞ்சளானா வீட்ல வச்சுப் பாத்துக்கிட்டு இருக்கக் கூடாது. லைட்ல வைக்கிறோம். பால மட்டும் நிறுத்தாதீங்க, அடிக்கடி குடுங்க" என்றார் டாக்டரம்மா.

நான் மெதுவாக மாம்பழத்தைப் பற்றிக் கேட்டேன். பக்கத்திலிருந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். "இன்னா தாத்தா, மாம்பழம் இன்னா பாவம் பண்ணுச்சு?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நம் மூத்தவள் கதையைக் கேட்டார். "அந்தக் குழந்தைக்கு என்னன்னு இப்ப சொல்ல முடியாது பெரியவரே. ஆனா பொறந்த அன்னிக்கே வந்தது பாலால வந்திருக்காது. அம்மா மேல எந்தத் தப்பும் இல்ல."

வெளியே வந்தேன். கம்பெனிச் சட்டையோடு நான்கைந்து இளம் அப்பாக்கள் போனைப் பார்த்தபடி நின்றிருந்தார்கள். அவர்கள் நடுவில் நின்று அழுதேன். இதைக் கேட்கிற வரைக்குமாவது நீ இருந்திருக்கக் கூடாதா?

குழந்தை கண்ணைக் கட்டிக்கொண்டு நீல வெளிச்சத்தில் கிடந்தது. பசித்தால் எடுத்து தீபா பால் கொடுப்பாள். மஞ்சள் இறங்கி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மஞ்சள் திரும்பினாலோ, மலம் சுண்ணாம்பு போல வெளுத்தாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். அது கல்லீரல் கோளாறாக இருக்கலாமாம். தீபாவின் மாமியார்தான் இப்போது துணி மாற்றும்போதெல்லாம் என்னைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்.

எத்தனை பிள்ளைகள் என்று யார் கேட்டாலும் இதுவரை ஒன்று என்றுதான் சொல்லி வந்தேன். இனி இரண்டு என்று சொல்வேன்.

வருகிற படையலில் உன் இலையில் மாம்பழம் வைப்பேன். நானே அறுத்து வைக்கிறேன். இந்தத் தடவை கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடாதே. சாப்பிடு.

மூத்தவளுக்கும் இளையவனுக்கும் அப்பா,
உன் வீட்டுக்காரன்
ஏகாம்பரம்