கொக்கி மாட்டாத நான்கு தகரங்கள்

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா என்று கேட்டுத்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். கேட்டாயிற்று. நானும் சின்னவளும் உயிரோடு இருக்கிறோம், சமையலறையில்தான் தலைக்கு மேலே ஒன்றும் இல்லை.

போன வாரம் மத்தியானம் அடித்த புயலில் முதலில் ஆணிகள் கீச்சிட்டன. அடுத்த நொடி சமையலறைக்கு மேலிருந்த நான்கு தகரமும் பிய்த்துக்கொண்டு பறந்தன. சின்னவளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு நானும் நுழைந்துகொண்டேன். முன்அறைத் தகரம் ஒன்றுகூட அசையவில்லை.

பறந்ததில் ஒன்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் மேல் விழுந்தது. பாவம், வாசல் கதவைச் சாத்த வந்த மனுஷன். தோளிலிருந்து முழங்கை வரைக்கும் கிழித்துவிட்டது. எலும்பு வெள்ளையாய்த் தெரிந்தது. என் சேலையைக் கிழித்து நான்தான் கட்டினேன். வலது கை, அத்தான். இனி அது கத்தரி பிடிக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாள் காலையில் கூரைக்காரர் நான் கூப்பிடாமலே தார்ப்பாயோடு வந்து ஏணி சாத்தினார். கூரை போட்டவன் இவன்தானே என்று தையல்காரரின் மகன்கள் இரண்டு பேரும் கடப்பாரையோடு வந்து, அவரை ஏணியோடு இழுத்துத் தள்ளினார்கள். எழ விடாமல் அடித்தார்கள். மண்டை உடைந்தது, விலா எலும்பு இரண்டு முறிந்தது. நான் போட்ட தகரம் எல்லாம் கொக்கி மாட்டினது, முன்அறையைப் போய்ப் பாருங்க என்று ரத்தத்தைத் துப்பிக்கொண்டே சொன்னார். ஒருத்தரும் பார்க்கவில்லை. நானும் கட்டை மாதிரி நின்றேன்.

பறந்த நான்கையும் போட்டது யார் என்று நமக்குத் தெரியும். சட்டத்தைக் கவ்விப் பிடிக்கிற கொக்கி போல்ட் தீர்ந்துபோச்சு, நாலு நாள் பொறுங்க என்றார் கூரைக்காரர். உங்களுக்கு அப்போது லீவு முடிய இரண்டு நாள்தான் இருந்தது. இவனை நம்பினால் விளங்கின மாதிரிதான் என்று அவரை அனுப்பிவிட்டு, நீங்களே வெறும் ஆணியாய் அடித்துத் தள்ளினீர்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, பெரிய மேஸ்திரிதான் போங்கள் என்று கேலி பண்ணிச் சிரித்தேன். இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அடி வாங்கினவன் வாங்கிவிட்டான், நீ வாயை மூடிக்கொண்டு இரு என்று நேற்று போனில் சொன்னீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளைக்குக் கூரைக்காரரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். வெளியே வரட்டும், அப்பா கைக்கு அவன் கை என்று அந்தப் பையன்கள் தெருவில் நின்று சொல்கிறார்கள். செய்கிற ஆட்கள்தான்.

அதனால் சின்னவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டேன். இதைத் தபாலில் போட்டதும் நேரே தையல்காரர் வீட்டுக்குப் போகிறேன். போட்டது என் புருஷன், ஏணி பிடித்தது நான் என்று சொல்லப்போகிறேன். பயமாய்த்தான் இருக்கிறது.

நீங்கள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு என்ன நடந்தாலும் கையை ஓங்கிக்கொண்டு மட்டும் வராதீர்கள். வருவதாக இருந்தால், அந்தக் கூரை நான் போட்டது என்று சொல்ல வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி