வெறுங்கை படாத எலும்பு

மார்ச் 3

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

அப்பா எழுதுவது. போனில் பேசினால் எனக்குப் பாதி மறந்துவிடுகிறது. மீதியை உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். ஆகவே கடிதம். இதில் எழுதப்போவது:

1. எங்கள் உடல்நிலை
2. டைனோசர் படம்
3. எலும்புக்கு நான் கொடுத்த சான்று

முதலாவது: எனக்கு முழங்கால் உபத்திரவம். உன் அம்மாவுக்கு என் உபத்திரவம். மற்றபடி நலம்.

இரண்டாவது: ஞாயிறு மதியம் டி.வி.யில் ஒரு டைனோசர் படம். உனக்கு எட்டு வயதில் தியேட்டரில் பார்த்தோமே, அதே படம். முதல் உறுமலிலேயே நீ என் சட்டைக்குள் தலையை விட்டு, மீதிப் படத்தை இரண்டு பொத்தான்களுக்கு நடுவில் பார்த்தாய். ஒரு பல்லைச் சுரண்டி, அந்தத் தூளிலிருந்து முழு மிருகத்தையே எழுப்பிவிடுகிறார்கள். இத்தனை கோடி வருடத்தில் டி.என்.ஏ. துணுக்குகூட மிஞ்சாது என்று நீ சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "படம் பாக்க விடுங்களேன். அப்பாவும் பொண்ணும் சேர்ந்து எதையும் நிம்மதியா பாக்க விடமாட்டீங்க" என்றாள். தியேட்டரில் பார்த்த மறுநாளே நிஜ எலும்பைக் காட்டு என்று நீ அடம்பிடித்ததும் ஞாபகம் வந்தது. அது இருக்கட்டும்.

மூன்றாவது: எங்கள் அருங்காட்சியகத்திலிருந்து ஒரு கரடியின் விரலெலும்பு, டி.என்.ஏ. எடுப்பதற்காக உங்கள் ஆய்வகத்துக்கு வருகிறது. நாற்பதாயிரம் வருடம் பழையது. பொட்டலத்தைப் பிரிக்கப்போவது நீதான் என்று நேற்றுத்தான் தெரிந்தது. பழைய கிடங்குக் காப்பாளர் என்ற முறையில் என்னிடம் சான்று கேட்டார்கள். 'என் பொறுப்பில் இருந்த முப்பத்தோரு வருடமும் இந்த எலும்பின் மேல் யாருடைய வெறுங்கையும் பட்டதில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். தேதி போட்டேனா என்பது மட்டும் சந்தேகம்.

அன்புடன்,
அப்பா

மார்ச் 14

அன்புள்ள அப்பா,

தேதி போட்டிருக்கிறீர்கள். இரண்டு இடத்தில்.

இங்கே ஒரு சங்கடம். உங்கள் கரடி எலும்பில் கரடி கொஞ்சமாகத்தான் இருக்கிறது. மனிதன்தான் நிறைய. பழைய டி.என்.ஏ. என்றால் துணுக்குத் துணுக்காக முறிந்து, முனைகள் நைந்திருக்கும். இது அப்படி இல்லை. நம் காலத்து ஆள் யாரோ. மேலே தூசியாக ஒட்டியிருந்தால் கழுவி எடுத்துவிடலாம். இது உள்ளே வரை ஊறியிருக்கிறது.

வெளி ஆள் டி.என்.ஏ. புகாத சுத்த அறையில் பொட்டலத்தைப் பிரித்தது நான் ஒருத்தி. தலை முதல் கால் வரை மூடிய உடை, முகமூடி, இரண்டு அடுக்குக் கையுறை. இருந்தாலும் ஆய்வகத் தலைவர் நேற்று, "கோச்சுக்காதம்மா, முடிவு தெரியிற வரைக்கும் சுத்த அறைச் சாவி என்கிட்டயே இருக்கட்டும்" என்று வாங்கிக்கொண்டார். எங்கள் ஏழு பேரின் டி.என்.ஏ.வோடும் ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள். மே மாதம் என் வேலையைப் புதுப்பிக்க வேண்டும். கவனக்குறைவு என்று ஒரு வரி விழுந்தால் புதுப்பிக்க மாட்டார்கள். வேறு எந்த ஆய்வகமும் கூப்பிடாது.

அப்பா, கிடங்கில் எப்போதாவது ஏதாவது நடந்ததா? எதையும் எழுதிவைக்கிறவர் நீங்கள். பார்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் கேள்விக்குறி

மார்ச் 22

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

பதறாதே. நிதானமாக யோசித்தால் காரணங்கள் பல இருக்கலாம். நான் வேலைக்குச் சேரும் முன்பே எலும்பைத் தோண்டியவர்கள் வெறுங்கையால் எடுத்திருக்கலாம். கையுறை செய்யும் இடத்தில் ஏதாவது பட்டிருக்கலாம். பொட்டலம் கட்டியவருக்குத் தும்மல் வந்திருக்கலாம். நீங்கள் பயன்படுத்தும் தண்ணீரையும் சோதிக்கச் சொல். துளைபோடும் கருவியை முன்பு யார் எடுத்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். இப்படி எட்டுக் காரணங்களைத் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

அந்த ஒப்பீடு அவசியம்தானா? இருக்கிற குழப்பம் கூடிவிடாதா? உன் தலைவரிடம் பக்குவமாகப் பேசிப் பார். எனக்கு இதில் அவ்வளவு ஞானம் இல்லை. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம்.

அன்புடன்,
அப்பா

அம்மா எழுதுறேன். உங்கப்பா நாலு நாளா பழைய டைரியெல்லாம் தரையில பரப்பி வச்சிட்டு உக்காந்திருக்காரு. என்னன்னு கேட்டா 'எலும்பு'ங்கிறாரு. சாப்பாடு இறங்கல. நீயாவது கேளு.

ஏப்ரல் 2

அப்பா,

முடிவு வந்துவிட்டது. எங்கள் ஏழு பேருடையதும் இல்லை. ஓர் ஆணுடையது. ஆனால் அதில் பாதி என்னுடையதோடு அப்படியே ஒத்துப்போகிறது.

எல்லோரும் இருக்கும்போதே தலைவர் கேட்டார்:

"சுத்த அறைக்குள்ள யாரைக் கூட்டிட்டு வந்த? அண்ணனா, தம்பியா?"

"எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்ல சார்."

"அப்ப அப்பாவா?"

"அவரு வெளியூர் பஸ் ஏறவே ரெண்டு நாள் யோசிப்பாரு சார். இங்க எங்க வரப்போறாரு? அந்தக் கிடங்குல வேலை பார்த்தவரே அவர்தான்."

"அவரேதானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காரு, யாரும் தொடலன்னு?" உங்கள் சான்றை எடுத்து என் முன்னால் வைத்தார். இரண்டு தேதியோடு.

அறைக்கு வந்து உங்கள் கடிதங்களை மறுபடி படித்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது. படம் பார்த்த மறுநாள், விடுமுறை. கிடங்கில் நாம் இரண்டு பேர் மட்டும். இது கல்லா எலும்பா என்று நான் கேட்டேன். "கல்லுன்னா விழும், எலும்புன்னா ஒட்டும், பாரு" என்று நாக்கில் வைத்துக் காட்டினீர்கள். அது ஒட்டிக்கொண்டு தொங்கியது. நீங்கள் இரண்டு கையையும் விரித்து ஆட்டினீர்கள். எனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது.

இந்த எலும்புதானா அது?

நான் போய்ச் சொன்னால், தப்பிக்க அப்பா மேல் பழிபோடுகிறாள் என்பார்கள். நீங்கள் எழுதினால்தான் நம்புவார்கள். 20ஆம் தேதி இதை விசாரிக்கும் குழு கூடுகிறது. பஞ்சுக்குச்சி ஒன்றை உறையில் வைத்திருக்கிறேன். கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து, மூடி அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு கேள்வி. அந்த எட்டுக் காரணங்களை எழுதும்போது உங்களுக்குத் தெரியுமா?

மகள்

ஏப்ரல் 9

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

உன் கடிதத்தில் 'அன்புள்ள' இல்லை. முதலில் மறதி என்று நினைத்தேன். நீ மறப்பவள் அல்ல.

தெரியும். எட்டையும் எழுதும்போதே தெரியும். ஒன்பதாவதை எழுதக் கை வரவில்லை.

இந்த எலும்புதான். அன்று நீ சிரித்ததில் எனக்கும் சிரிப்பு வந்து, வாய் திறந்து, அது தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது. உன்னை வெளி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு, உடைந்த இடத்தை ஊதித் துடைத்து, பசை போட்டு ஒட்டினேன். வெறுங்கையால்தான். எழுதினால் வேலை போய்விடும் என்று பதிவேட்டில் எழுதவில்லை. பிறகு எழுதினால் ஏன் அன்றே எழுதவில்லை என்பார்கள். அப்படியே வருடங்கள் போய்விட்டன. சான்று எழுதும்போது, மற்றவர் யாரும் தொட்டதில்லை, அது உண்மைதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நேற்று அருங்காட்சியகத்துக்குப் போனேன். வாசலில் இரண்டு முறை திரும்பிவிட்டு, மூன்றாம் முறை உள்ளே போனேன். இப்போதைய காப்பாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஐயா, உங்க கையெழுத்து இருந்தா நாங்க மறுபடி சரிபார்க்கிறதே இல்லையே" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

பதிவேட்டை எடுத்துத் தரச் சொல்லி, அந்தப் பக்கத்தில் நடந்ததைச் சிவப்பு மையில் எழுதினேன். அதன் நகலையும், சான்றைத் திரும்பப் பெறும் என் கடிதத்தையும் அவரே கம்ப்யூட்டர் வழியாக உன் தலைவருக்கு அனுப்பினார். நான் பக்கத்தில் நின்று, போய்விட்டது என்று திரையில் வந்ததைப் பார்த்த பிறகே நகர்ந்தேன். அங்கே காப்பாளர் அறைச் சுவரில் நான் ஓய்வு பெற்றபோது எடுத்த படம் மாட்டியிருக்கும். கழற்றுவதானால் கழற்றட்டும்.

பஞ்சுக்குச்சியை இத்துடன் அனுப்புகிறேன். அம்மாதான் தேய்த்தாள். "வாயைத் திறங்க. இத்தனை வருஷமா இதைத்தானே திறக்காம வச்சிருந்தீங்க" என்றாள்.

அந்த எலும்பு இனி உன் ஆராய்ச்சிக்கு உதவாது என்று நினைக்கிறேன். அதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை. உன் சாவி திரும்பக் கிடைத்தால் ஒரு வரி எழுது. கிடைக்காவிட்டாலும் எழுது. எப்படி ஆரம்பித்தாலும் சரி.

மார்ச் 3ஆம் தேதிக் கடிதத்தில் மூன்றாவதாக எழுதியது தவறு. திருத்திக்கொள்ளவும்.

அப்பா
ஏப்ரல் 9