கடைசி விரிப்பை யாரும் மடிக்கவில்லை

தோற்றாலும் சிரிப்பை விட்டுக்கொடுக்காத என் சரசு அக்காவுக்கு,

நேற்று உன் லாக்கரைக் காலி செய்யப் போனேன். சாவியை அத்தான் எங்கோ வைத்துவிட்டார். பூட்டை உடைக்க ஆள் வரும்வரை சலவைக்கூடத்துக்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே பார்த்ததை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஈப்போ ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைக்கவும் உலர்த்தவும் அங்கே இயந்திரம் இருக்கிறது. மடிக்க மனிதர்கள்தான். மேசைக்கு இரண்டு பேர். ஒரு முனையை நீயும் மறுமுனையை மாரியாயி அக்காவும் பிடித்து உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வருவீர்கள். நாள் முழுக்க அதே நடை. வீட்டிலும் போர்வை மடிக்க என்னைக் கூப்பிடுவாய். நான் அசையாமல் நிற்பேன். நீயே முழுத் தூரமும் நடந்து வருவாய்.

அந்த வேலையைப் பந்தயமாக்கியது நீதான். "வேலைன்னு நெனச்சா கை வலிக்கும்டா. பந்தயம்னு நெனச்சா வாய்தான் வலிக்கும்" என்பாய். தோற்ற மேசை எல்லாருக்கும் தேத்தண்ணி கலக்க வேண்டும். நீ தோற்ற நாளில் வஞ்சம் தீர்க்கச் சீனியை அள்ளிக் கொட்டுவாயாம். பக்கத்து மேசை லெட்சுமி அக்கா இன்னும் அதைச் சொல்லித் திட்டுகிறார்.

தேத்தண்ணிக்கு முன்னால் இன்னொரு விதி வைத்திருந்தாய். ஜெயித்தவர்கள் பின்தங்கிய மேசைக்குப் போய் மிச்சத்தை மடித்துக் கொடுக்க வேண்டும். சுங்கை சிப்புட் பக்கத் தோட்டத்தில் புல்வெட்டுக்குப் போனபோது நீ பழகியது அது. மர வரிசையில் தன் நிரையை முடித்தவள் பிந்தியவளின் நிரையில், அந்தக் கோடியிலிருந்து வெட்டிக்கொண்டு எதிரே வருவாள். மாரியாயி அக்காவின் விரல்கள் வீங்கத் தொடங்கிய பிறகும் அவர் மெதுவானவர் என்று வெளியே தெரியாமல் போனது இதனால்தானே?

நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது புதிய மேனேஜர் வந்தார். கெட்டவர் இல்லை, அக்கா. உன் காரியத்துக்கு வந்து கடைசிவரை நின்றார். உங்கள் பந்தயம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. சுவரில் ஒரு பலகை மாட்டினார். முதலில் முடிக்கும் மேசைக்குப் பேரங்காடியில் சாமான் வாங்கப் பற்றுச்சீட்டு. ஒரு மேசைக்காரர் இன்னொரு மேசைக்குப் போகக் கூடாது. ஒரு மாதத்தில் ஒரு நாள்கூடக் கடைசி இடத்தைத் தாண்டாதவருக்கு அடுத்த ஒப்பந்தம் கிடையாது. பந்தயத்தை எடுத்துக்கொண்டார், உன் விதியை விட்டுவிட்டார்.

முதலில் எல்லாரும் பற்றுச்சீட்டுக்குத்தான் ஓடினார்கள். "நானும்தான் தம்பி ஓடுனேன்" என்றார் லெட்சுமி அக்கா. உன் இடத்தில் இப்போது ஒரு புதுப் பெண். அவளுக்கு வேலை இன்னும் பழகவில்லை. மாரியாயி அக்காவின் பெயர் மாதம் முழுக்கப் பலகையின் அடியிலேயே இருந்தது. நேற்று மாதக் கடைசி நாள். அந்த வயதில், அந்த விரல்களோடு, வேறு யார் வேலை கொடுப்பார்கள்? உன்னைப் பார்க்க வந்தபோதெல்லாம் இதை உன்னிடம் சொன்னாரா, மறைத்தாரா?

மதியத்துக்கு மேல் ஒன்று என் கண்ணில் பட்டது. மற்ற மேசைகளில் எல்லாம் ஒரே ஒரு விரிப்புதான் மிச்சம். யாரும் அதை மடிக்கவில்லை. உதறினார்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள், மறுபடி உதறினார்கள்.

மேனேஜர் வந்தார். "என்னக்கா, இன்னும் முடியலையா?"

"கறை மாதிரி தெரியுதுலா பாஸ்" என்றார் லெட்சுமி அக்கா. "ஓட்டல்காரன் திருப்பி அனுப்பிட்டா நமக்குத்தான் சுசா, வீண் தொல்லை."

"எல்லா மேசையிலுமா கறை?"

"கண்ணு மங்கிருச்சு பாஸ். எல்லாருக்கும் வயசாகுதுல்ல."

மாரியாயி அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. "ஏய் லெட்சுமி, எனக்கு யாரும் பிச்சை போட வேணாம்!"

"ஒனக்கு யாருடி போட்டா? பேசுனா ஒன் கை நிக்குது பாரு. சரசு இருந்தப்பவும் இதே கதைதான். மடி!"

யாரும் தம் மேசையை விட்டு நகரவில்லை. கட்டளை மீறப்படவில்லை. மாரியாயி அக்கா தன் கடைசி விரிப்பை எடுத்து உதறியதும், கூடம் முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள்.

"யார் கடைசி?" என்று மேனேஜர் கேட்டார்.

"யாருமில்ல பாஸ்."

அவர் பலகை முன்னால் போய்ப் பேனாவைத் திறந்தார். அவருக்குப் புரியாமலா இருந்திருக்கும்? எதுவும் எழுதாமல் பேனாவை மூடினார்.

தோற்றவர் இல்லாததால் தேத்தண்ணி யார் கலக்குவது என்று தெரியவில்லை. மாரியாயி அக்காவே போனார். லாக்கரும் அதற்குள் திறந்திருந்தது. அதிலிருந்த உன் எவர்சில்வர் டம்ளரைக் கழுவி எனக்கு அதில் ஊற்றிக் கொடுத்தார். மேனேஜரும் ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டார்.

லெட்சுமி அக்கா ஒரு வாய் குடித்தார். "சீனி சரியா இருக்கு" என்றார். பிறகு தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பலகை இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அடுத்த மாதமும் மேசைகள் காத்திருக்குமா என்று தெரியவில்லை. இதைப் பத்திரிகைக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க தம்பி, கம்பெனி பேரை மட்டும் போட்டுறாதீங்க" என்றார்கள். போடவில்லை.

உன் செருப்பையும் தைலப் புட்டியையும் எடுத்து வந்தேன். டம்ளரை அங்கேயே விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் போய் அதில் தேத்தண்ணி குடிப்பேன், அக்கா. மாரியாயி அக்கா தன் மேசையில் நிற்கும்வரை கம்பெனி எது என்று வாயைத் திறக்க மாட்டேன். அந்த இடம் காலியாக இருக்கும் நாளில், கம்பெனியின் பெயரையும் என் பெயரையும் போட்டு எழுதுவேன்.

இந்த முறை தன் பாதியைத் தானே நடக்கும்,
உன் தம்பி