மஞ்சள் தடவிய மனு

ஐயா,

உங்கள் மகன் விடுதலையாகி வந்துவிட்டார். நீங்கள் கொடுத்த கடுதாசி இருக்கிறதா என்று கேட்டிருந்தார். இன்று காலை பழைய வழக்குக் கட்டைப் பிரித்தேன். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய அந்தத் தாள் அப்படியே இருந்தது. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுவதுபோல் நீதிமன்றத்துக்குப் போகிற மனுவுக்கும் மஞ்சள் தடவிக் கொண்டுவந்த மனிதர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான்.

கடல் வழியே போதைப்பொருள் கொண்டுவந்த கூட்டுச் சதி வழக்கு. குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, தண்டனையை மறுநாளைக்குத் தள்ளிவைத்திருந்தார் நீதிபதி. சரக்கை வரவழைத்தவனுக்கும், கரையிலிருந்து வேன் ஓட்டிய உங்கள் மகனுக்கும் சட்டத்தில் ஒரே பிரிவுதான் என்று சொன்னபோது நீங்கள் நம்பவில்லை. பத்து வருடத்துக்குக் கீழே நீதிபதியே நினைத்தாலும் இறங்க முடியாது. இருபது வரை ஏறலாம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்து ஏற்றுவார்கள். மூட்டை இறக்க ஆள் சேர்த்ததும் உங்கள் மகன்தான் என்றது அரசுத் தரப்பு. அதற்குச் சரியான சாட்சி இல்லை. வெறும் டிரைவர் என்ற ஒன்றைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

நீங்களோ உங்கள் ஊர் குரும்பகரத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் நீதிமன்ற வாசலில் நின்றீர்கள்.

"நல்லதாத்தான் எழுதியிருக்கோம் வக்கீலம்மா. ஜட்ஜ் ஐயா படிச்சா மனசு எளகிடுவாங்க."

படித்தேன். 'பத்து ஆள் வேண்டுமென்றால் இவரிடம் ஒரு வார்த்தை போதும், ஒரு மணி நேரத்தில் திரட்டிவிடுவார். இவர் பேச்சை யாரும் தட்டமாட்டார்கள்' என்று இருந்தது. நடவுக்கு ஆள் திரட்டுகிறவருக்கு ஊர் கொடுத்த நற்சான்று! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எனக்குக் கோபம்தான் வந்தது. திட்ட வாயெடுத்தபோது உங்கள் நகக்கண்ணில் மஞ்சளைப் பார்த்தேன். நீதிபதியிடம் கொடுக்காமல் தாளைக் கட்டுக்குள் செருகிவிட்டேன்.

வரவழைத்தவனுக்குப் பதினைந்து வருடம், உங்கள் மகனுக்குப் பத்து. வெளியே வந்ததும் என் கைகளைப் பிடித்துக்கொண்டீர்கள்.

"ஊரு கையெழுத்துதாம்மா காப்பாத்துச்சு."

தலையாட்டினேன். பத்து வருடம் பிள்ளையைப் பிரியப் போகிறவரிடம் அதையும் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை.

மகன் சிறையிலிருந்து வருவதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். இன்று மதியம் அவர் வந்தபோது நடந்ததைச் சொல்லித் தாளைக் கொடுத்தேன். படித்தார்.

"கையெழுத்துப் போட்டவங்கள எங்க பார்த்தாலும் அப்பா கும்புடுவாங்களாம் மேடம். இதக் கோர்ட்டுல குடுக்கலன்னு ஊருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்று நீங்கள் சொன்ன நன்றி மட்டும் என்னிடம் இருக்கிறது, ஐயா. அது எனக்குச் சொன்னதில்லை. உங்கள் ஊருக்குச் சொன்னது.