பனியன் துணியில் கட்டிய கிளை

ஜூன் 9, திங்கள்

பதினாறு வருடமாக இந்த பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷன் சூப்பர்வைசர். இன்றைக்கு என்னை ஓணானுக்கு வீடு கட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொந்த ஊர் தூத்துக்குடியில் சொன்னால் சிரிப்பாய்ச் சிரிப்பார்கள்.

ஓணான் என்று சொல்லக் கூடாதாம். இகுவானா. முதலாளி ஆத்தப்பனின் மகள் சுபஸ்ரீ வளர்ப்பது. முறைப்படி பதிவு செய்து வாங்கியதாம், காகிதமெல்லாம் இருக்கிறதாம். வாலோடு சேர்த்தால் மூன்றடி இருக்கும். பெயர் முருங்கை. அந்தக் கீரை என்றால் அதற்கு உயிராம். "ஒண்ணு இந்த ஊட்டுல அது இருக்கோணும், இல்லாட்டி நான் இருக்கோணும்" என்று முதலாளியம்மா சொல்லிவிட்டதால், கம்பெனி மாடியில் சாம்பிள் ரூமுக்குப் பக்கத்து வராந்தாவுக்குக் குடிவந்துவிட்டது. ஒன்றரை ஆள் உயரக் கூண்டு. நான்கு பக்கமும் கம்பி வலை. உள்ளே இன்னும் ஒன்றுமே இல்லை. ஏறுவதற்குக் கிளை வேண்டும், உட்காருவதற்குக் கல் வேண்டும், அழகுக்குக் கொடி வேண்டும்.

சுபஸ்ரீ தெளிவாகத்தான் சொன்னது. "அண்ணா, கிளையெல்லாம் சட்டத்துல வெளிய இருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கோணுங்க. வலையில எதையும் மாட்டக் கூடாதுங்க. அங்கமுத்தண்ணன் வெள்ளிக்கிழமை வருவாருங்க, அவரு ட்ரில் போட்டுக் குடுப்பாரு."

அங்கமுத்து எங்கள் எலக்ட்ரீஷியன். அவன் வெள்ளிக்கிழமை என்றால் எந்த வெள்ளிக்கிழமை என்று கேட்டுக்கொள்ள வேண்டும். "அவன் எதுக்கும்மா? நாளைக்கே நான் கட்டிக் குடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

முடித்தாயிற்று. ஆறு கொய்யாக் கிளை. மேல் கிளையில், விளக்குக்கு நேர் கீழே, கடப்பாக்கல் துண்டு ஒன்றை ஊஞ்சல் பலகை மாதிரி கட்டிவிட்டேன். வெயில் காய்கிற மாதிரி அதில் படுத்துக்கொள்ளலாம். கீழே ஒரு மண்சட்டி, சுற்றிலும் பிளாஸ்டிக் கொடி. பார்க்க அம்சமாக இருக்கிறது. நானே சொல்லக் கூடாது.

எல்லாம் பனியன் துணிக் கட்டுதான். கட்டிங் வேஸ்ட்டை நீளமாகக் கிழித்து ஓர் இழு இழுத்தால் சுருண்டு கயிறாகிவிடும். இந்த ஊரில் அது கட்டாதது எது? பண்டல், கேட்டு, ஒழுகுகிற குழாய், வண்டி சைலன்ஸர் வரைக்கும் அதுதான். ஸ்க்ரூ என்றால் முனை குத்தும், பிளாஸ்டிக் டேக் என்றால் வயிற்றைக் கீறும். துணி பூப்போல இருக்கும். இப்படியெல்லாம் காரணம் சொன்னேன். சுபஸ்ரீ தலையை ஆட்டியது. அதன் முகத்தில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

முதலாளி வந்து ஒரு கிளையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "சகாயம் கட்டுனா யானை இழுத்தாலும் வராதுங்க" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். "நான் போட்ட கட்டு அவுந்ததா சரித்திரமே இல்லைங்க" என்றேன்.

முருங்கைக்கு ஈரம் வேண்டுமாம்; காலையும் மத்தியானமும் கூண்டுக்குள் தண்ணீர் அடிக்கிற வேலை மூக்கம்மாளுக்கு. கம்பெனியைக் கூட்டித் துடைப்பவள். உசிலம்பட்டிப் பக்கம். வேலம்பாளையத்தில் எங்கள் லைன் வீட்டிலேயே மூன்று கதவு தள்ளிக் குடியிருக்கிறாள். "இதுக்கு மழையும் நம்மதேன் பெய்யணுமாண்ணே" என்று சிரித்துக்கொண்டே ஸ்ப்ரேயரை வாங்கிக்கொண்டாள்.

ஜூன் 12, வியாழன்

முருங்கை மேல் கிளைக்கு ஏறிவிட்டது. கல்லில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு முதலாளி மாதிரி படுத்திருக்கிறது. சுபஸ்ரீ போட்டோ எடுத்து அனுப்பியது, கீழே "தேங்க்ஸ் அண்ணா".

ஜூன் 17, செவ்வாய்

எழுதவே கை வரவில்லை.

காலை பத்து மணி இருக்கும். மாடியிலிருந்து மூக்கம்மாள் அலறினாள். நான்தான் முதலில் ஓடினேன். மேல் கிளை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கல் சரிந்து முருங்கையின் இடது பின்னங்கால் மேல் விழுந்திருந்தது. அது சத்தம் போடவில்லை. அதற்குச் சத்தம் கிடையாதாம். வாயைத் திறந்து திறந்து மூடியது.

மூக்கம்மாள் சுபஸ்ரீயைக் கூப்பிடக் கீழே ஓடினாள். நான் பையிலிருந்த நூல் வெட்டுகிற ட்ரிம்மரை எடுத்துக் கல் கட்டியிருந்த துணியை வெட்டிக் கல்லைத் தூக்கினேன். அப்போதுதான் பார்த்தேன். முடிச்சு போட்டபடி அப்படியே இருந்தது. துணிதான் ஈரத்தில் ஊறி, பாரத்தில் இழுபட்டு, ஒரு முழம் நீண்டு தொங்கியது. பனியன் துணி இழுபடும் என்று யாரிடம் போய்க் கேட்க வேண்டும்? பதினாறு வருடம் அதைத்தானே மடித்துப் பெட்டியில் போடுகிறேன்!

பிறகு கிளை கட்டின துணியையும் வெட்டி, இரண்டையும் சேர்த்துச் சுருட்டிப் பேண்ட் பைக்குள் திணித்தேன்.

முதல் துணியை வெட்டினது அந்த ஜீவனைக் காப்பாற்ற. சரி. இரண்டாவதை எதுக்குல வெட்டினே, சகாயராஜ்?

மூக்கம்மாளும் சுபஸ்ரீயும் மேலே ஓடி வந்தார்கள், பின்னாலேயே முதலாளி வந்தார். கூண்டைப் பார்த்தார், கையில் ஸ்ப்ரேயரோடு நின்ற மூக்கம்மாளைப் பார்த்தார். "ஏனுங்க, தொடைக்கறப்ப மாப்பு கட்டை கிட்டை பட்டுதுங்களா?" அவள் "தெரியலீங்களே சாமி" என்றாள். என் பக்கம் திரும்பி, "சகாயம், நீங்க கட்டுனது சரியாத்தானே இருந்துச்சு?" என்றார்.

"ஆமாங்க."

ஒரே ஒரு சொல்தான். சொல்லும்போது என் கை பைக்குள் அந்த ஈரத் துணியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 18, புதன்

முருங்கைக்குக் கால் எலும்பு முறிவு. கோயம்புத்தூரில் டாக்டரிடம் விட்டிருக்கிறார்கள். சுபஸ்ரீ கண்ணெல்லாம் வீங்கி வந்தது. கத்தாத பெண், இன்றைக்கு மூக்கம்மாளைப் பார்த்துக் கத்திவிட்டது. "வாயில்லாத ஜீவனுங்க்கா, கொஞ்சம் பாத்துத் தொடைச்சிருக்கக் கூடாதா?"

முதலாளி கத்தவில்லை. இந்த ஊரில் வேலையை விட்டு நிறுத்துவதையும் மரியாதையாகத்தான் செய்வார்கள். "கொஞ்ச நாளைக்கு வேற பக்கம் பாத்துக்கறீங்களாம்மா? தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். அவள் கும்பிட்டுவிட்டு, விளக்குமாறைச் சுவரில் சாத்திவிட்டுப் போனாள்.

நான் பேக்கிங் டேபிளில் பீஸ் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று தடவை எண்ணினேன், மூன்று தடவையும் தப்பு.

ஜூன் 19, வியாழன்

குழாயடியில் மூக்கம்மாளிடம் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாந்தேண்ணே" என்றாள். "யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன். அன்னைக்கு மாப்பக் கழுவி உள்ளாற சாத்தி வச்சேன்ல, அதுதேன் தட்டியிருக்கணும். பாவம்ணே. கால ஒடிச்சுப்புட்டேனே."

நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். குடம் பாதிதான் நிறைந்திருந்தது.

ஜூன் 20, வெள்ளி

மூக்கம்மாள் ஒரு கட்டு முருங்கைக்கீரை கொடுத்தாள். "கோயம்புத்தூருக்கு யாரும் போனா குடுத்து விடுங்கண்ணே. என் பேரச் சொல்லாதீக." வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம். சாமியாரிடம் பாவங்களைச் சொல்ல, வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர். எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். முறை வந்தது. காலை ஜெபம் சொல்லாதது, கெட்ட வார்த்தை பேசியது, வெள்ளிக்கிழமை கறி தின்றது, எல்லாம் சொன்னேன். சாமியார் மூன்று தடவை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டு வந்தேன்.

கடவுளிடமே வாய் வரவில்லை. அவரும் என்னை நல்ல கட்டுக்காரன் என்றே நினைக்கட்டும் என்றா?

ஜூன் 25, புதன்

இன்றைக்கும் கீரை. சுபஸ்ரீயிடம் கொடுத்தபோது, "எங்கீங்கண்ணா தெனமும் புடிக்கறீங்க? டாக்டர் ஊட்டுனா இதை மட்டுந்தான் திங்கிதாம்" என்றது. "எங்க ஏரியாவுலதாம்மா" என்றேன்.

அந்த நன்றியையும் நான் வாங்கிக்கொண்டேன். தூ.

மூக்கம்மாளுக்கு இன்னும் வேலை அமையவில்லை. வெள்ளகோவிலில் ஒரு மில்லுக்குப் போகலாமா என்று புருஷன் காசிமாயனோடு பேசிக்கொண்டிருக்கிறாள். போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். போய்விட்டால் நிம்மதி என்று எனக்கு ஒரு நினைப்பு வந்தது. வந்ததை மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

இராயப்பர், சின்னப்பர் திருநாள். சாமியார் பிரசங்கம் முழுக்க ஆண்டவர் பிடிபட்ட ராத்திரி இராயப்பர் அவரை மறுதலித்ததைப் பற்றித்தான். "அந்த ஆளை எனக்குத் தெரியாது" என்றாரே, அதை. இந்தச் சாமியாருக்கு என்மேல் அப்படி என்ன கோபம் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கக் கொடிக்கம்பியில் பனியன் துணியைக் கட்டி, அதில் ஐந்து லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிட்டேன். பென்சிலால் சுவரில் கோடு போட்டுவிட்டு, துணியின்மேல் தண்ணீரைத் தெளித்தேன். எதற்கு இந்தச் சோதனை? எனக்குத் தெரியாததா? ஒருவேளை இழுபடாமல் இருந்துவிட்டால்... அப்படி ஒரு நப்பாசை.

மத்தியானச் சோற்றுக்கு முன் இரண்டு விரல் இறங்கியிருந்தது. மறுபடி தெளித்தேன். நாலு மணிக்கு ஒரு சாண்.

ரோஸ்மேரி காபியோடு வந்தவள் நின்றுவிட்டாள். கேனைப் பார்த்தாள், சுவரில் கோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருபது வருடம் குடித்தனம் செய்தவளுக்கு விளக்கமா சொல்ல வேண்டும்?

"மூக்கம்மா இல்லியா அது?"

கேனை அவிழ்த்துக் கீழே இறக்கினேன்.

"எத்தன நாளா தெரியும் ஒங்களுக்கு?"

"அன்னைக்கே."

காபியைக் கீழே வைத்தாள். "நாளைக்கு அவ கைல கீரைய வாங்குனீயன்னா, நான் ஒங்களுக்குச் சோறு போட மாட்டேன். பாத்துக்கிடுங்க."

ஜூன் 30, திங்கள்

சொல்லிவிட்டேன். சாம்பிள் ரூமில் அப்பாவும் மகளும் இருந்தார்கள். வெட்டின துணி இரண்டையும் மேசையில் வைத்தேன்.

முதலாளி துணியை எடுத்து இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்த்தார். பனியன் தொழிலிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன். ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "ஏனுங்க சகாயம், அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆகாதுங்களா?" என்றார். கோபமே இல்லாத குரல். அந்தக் குரலுக்குப் பதில் என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம்.

சுபஸ்ரீ என்னைப் பார்க்கவில்லை. "அடி எப்படிப் பட்டதுன்னு டாக்டர் கேட்டாருங்க. நான் மூக்கம்மாக்கா பேரைத்தான் சொன்னேன்" என்றது. பிறகு, "நான் அவங்களைத் திட்டுனப்ப நீங்க கீழதானே நின்னீங்க?" என்றது.

"ஆமாம்மா."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை. அதுதான் பெரிய மலை. இங்கே வேலை போனாலும் போகட்டும் என்று வந்துவிட்டேன். அங்கே போகக் கால் வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

போனேன். ஷிப்ட் விட்டதும் நேரே போனேன். ரோஸ்மேரி கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன்.

மூக்கம்மாள் வாசலில் உட்கார்ந்து கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் கொடுத்து அனுப்புவதற்காம். பக்கத்தில் காசிமாயன். நின்றுகொண்டே சொன்னேன். கட்டினது, வெட்டினது, பையில் போட்டது, ஆமாங்க என்றது, எல்லாம்.

"அப்ப நான் இல்லையாண்ணே?" என்றாள்.

"நீ இல்ல தாயி. நான்தான்."

"மாப்பு தட்டலயா?"

"தட்டல."

"நெசமாவா?" என்றாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். காசிமாயன் தோளைத் தட்டி, "கேட்டியா, நான் இல்லையாம்" என்றாள். அந்தச் சிரிப்பை நான் எப்படிப் பார்த்துக்கொண்டு நின்றேனோ!

அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. சிரிப்பு நின்றது.

"கீரைய வாங்கிட்டுப் போனீகளே" என்றாள். "தெனமும் எங்கைல இருந்து வாங்கிட்டுப் போனீகளே. 'இன்னைக்கு நல்லா தின்னுச்சாம்'ன்டு எங்கிட்டயே வந்து சொன்னீகளே."

காசிமாயன் எழுந்தான். அடிக்கப் போகிறான் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். "அவ சோறு திங்கலய்யா" என்றான். "பல்லி செத்துக் கெடந்தாக்கூட நான் பாவம் பண்ணிட்டேன்டு அழுதா. போய்யா. நின்டு எங்க மூஞ்சியப் பாக்காத."

மன்னிப்பு என்ற சொல்லை எடுப்பதற்குள் கதவு சாத்தியாயிற்று.

ஜூலை 3, வியாழன்

சுபஸ்ரீ ஸ்கூட்டியில் லைன் வீட்டுக்கே வந்து மூக்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இருபத்துநாலு வயசுப் பெண், ஊர் பார்க்க. என் வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் நான்.

ஜூலை 5, சனி

அங்கமுத்து ட்ரில் போட்டான், நான் பிடித்துக் கொடுத்தேன். ஆறு கிளைக்கும் இரண்டு முனையிலும் வெளியிலிருந்து ஸ்க்ரூ, வாசர் வைத்து முடுக்கினோம். கல்லுக்கு இரும்பு ஆங்கிள். "ஏனுங்ணா, என்கிட்ட ட்ரில்லு கேக்க அவ்வளவு கூச்சமாங்க?" என்று சிரித்தான். அரை மணி நேர வேலை. மொத்தமே அரை மணி நேர வேலை.

ஜூலை 8, செவ்வாய்

குழாயடியில் மூக்கம்மாள் ரோஸ்மேரியோடு பேசுகிறாள். நான் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்காகப் பரிந்து பேசினாயா என்று ரோஸ்மேரியைக் கேட்டேன். "நான் எதுக்குப் பேசணும்?" என்றாள்.

ஜூலை 14, திங்கள்

முருங்கை காலில் கட்டோடு திரும்பி வந்துவிட்டது. கூண்டுத் தரையில் இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறது. அது அப்படியேதான் இருக்குமாம்.

மூக்கம்மாளும் இன்றைக்கு வேலைக்கு வந்தாள். முதலாளி வாசலுக்கே வந்து "வாங்கம்மா" என்றார். என்னைக் கடந்து போகும்போது, "சூப்பர்வைசர், மாடிச் சாவி" என்றாள். பத்து வருடமாக அண்ணே. இன்றைக்கு சூப்பர்வைசர். கொடுத்தேன்.

மாடிக்குப் போனவள் பின்னாலேயே போய்க் கதவருகில் நின்றேன். அவள் ஸ்ப்ரேயரைக் கீழே வைத்துவிட்டுக் கூண்டுக்குள் போனாள். கீழ்க் கிளையை இரண்டு கையாலும் பிடித்து, உடம்புப் பாரம் முழுதும் போட்டுத் தொங்கினாள். அடுத்த கிளை. அதற்கு அடுத்தது. மேல் கிளைக்கு எட்டவில்லை. வெளியே வந்து ஸ்டூலை எடுத்துப் போட்டு ஏறி, அதையும் தொங்கிப் பார்த்தாள். கல்லை உலுக்கினாள். ஒன்றும் அசையவில்லை. என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தண்ணீர் அடித்தாள்.

மத்தியானம் மறுபடி வந்து, ஆறு கிளையையும் முதலிலிருந்து இழுத்துப் பார்த்தாள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.