ஆவாரங்காட்டுல கூப்பிட்ட பேரு

சின்னவளோட அப்பாவுக்கு,

பொங்கலுக்கு உங்க பனியன் கம்பெனி பூட்டித்தான் இருந்துச்சுன்னு பக்கத்தூட்டு ராசப்பண்ணன் சொன்னாங்க. நீங்க வரலை. நான் ஒண்ணும் கேக்கலீங்க.

ஐப்பசியில பெரியவ காய்ச்சல்ல போனதால இந்த வருசம் நம்மூட்டுக்குப் பொங்க நோம்பி இல்லை. ஆனா பூப்பறிக்கிற நோம்பிக்கு ஊர்ப் புள்ளைகளெல்லாம் கூடையோட கிளம்புறதைப் பார்த்துச் சின்னவ அழுதா. மனசு கேக்காம கூட்டிட்டுப் போனேன். கரட்டோரம் ஆவாரம்பூ மஞ்சளாப் பூத்துக் கிடந்துச்சு. போன வருசம் நீங்க கிளையை வளைச்சுப் பிடிக்க, ரெண்டு புள்ளைகளும் போட்டி போட்டுப் பறிச்ச அதே செடிதானுங்க.

அதையே பார்த்துட்டு நின்னுட்டேன். திரும்பினா சின்னவளைக் காணோம். பதறிப்போய்க் கத்தினேன். வாயில வந்தது பெரியவ பேரு. பூப்பறிச்சுட்டிருந்த பொம்பளைகளெல்லாம் அப்படியே நின்னுட்டாங்க.

செடிக்குப் பின்னாலிருந்து, "ஏனுங்கம்மா?"ன்னு சின்னவ ஓடி வந்தா.

அன்னையிலிருந்து அந்தப் பேரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடறேன். அவளும் வர்றா. தப்புன்னு தெரியுதுங்க, நிறுத்த முடியலை. நேத்து பக்கத்தூட்டுல அவளோட சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. அவ திரும்பிக்கூடப் பார்க்கலீங்க.

ஒருக்கா வந்து, நீங்களாவது அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.

ரெண்டு புள்ளைகளோட அம்மா