வாடாஷ் பிரோஷ்கா என்று படிக்கவும்

என் ஆசை பிரோஷ்கா அக்காவுக்கு,

முதலில் சந்தோஷச் செய்தி. சனிக்கிழமை சான் ஹோசேயில் உங்கள் கண்காட்சி திறந்தாகிவிட்டது. சரியான கூட்டம் அக்கா! பார்க்கிங் கிடைக்காமல் என் வீட்டுக்காரர் மூன்று தெரு தள்ளி வண்டியை விட்டுவிட்டு வியர்க்க விறுவிறுக்க நடந்து வந்தார். நீங்கள் மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, தாளில் அழுத்தி எடுத்த படங்கள் அத்தனையும் ஒரே கூரைக்குக் கீழே. நீங்கள் இல்லையே என்று ஒரு நிமிஷம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குள் சமோசா தீர்ந்துவிட்டது என்று யாரோ கத்த, ஓடிப் போய்விட்டேன்.

ஆனால் அதற்கு முந்தின நாள் நான் அடித்த கூத்தை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மில்பிடாஸில் நாங்கள் உங்கள் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கராஜ் திறந்திருந்தது. கொடியில் துணி மாதிரி ஒரு ப்ளம் மரத்தின் படம் காய்ந்துகொண்டிருந்தது. "கிளையெல்லாம் ஏன் நாற்பத்தஞ்சு டிகிரில மடங்குது?" என்று கேட்டேன். நான் சிப் டிசைன் பண்ணுகிறவள், என் கண்ணுக்கு வேறென்ன படும்? நீங்கள் மை உருளையைக் கீழே வைத்துவிட்டு, மைக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டீர்கள். அந்தச் சுடிதார் அதோடு போச்சு.

புடாபெஸ்டில் ஓவியப் படிப்பு முடித்து வந்தவருக்கு இங்கே கிடைத்தது சர்க்யூட் போர்டு கம்பெனி வேலை. கம்பிக் கோடுகளைக் கறுப்பு டேப்பால் கையாலேயே ஒட்ட வேண்டும், ஒரு கோடும் செங்கோணத்தில் திரும்பக் கூடாது, நாற்பத்தைந்து டிகிரியில்தான் மடங்க வேண்டும். பகலெல்லாம் டேப், சாயங்காலம் உங்கள் ஊர் ப்ளம் மரம். அந்த மடிப்புக்கு என்ன தத்துவம் என்று விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். "ஒண்ணுமில்ல சுமதி, கைப் பழக்கம்" என்று என்னிடம் மட்டும் சொல்லிச் சிரித்தீர்கள்.

உங்கள் பெயர்க் கதையும் அப்படித்தான். இந்த நாட்டில் வந்து இறங்கிய அன்று, ஃபார்மில் பெயர்க் கட்டத்தில் வாடாஷ், குடும்பப் பெயர்க் கட்டத்தில் பிரோஷ்கா என்று ஒருவர் மாற்றிப் போட்டுவிட்டார். வாடாஷ் என்றால் ஆண் பெயர் என்று நினைத்து, அன்றிலிருந்து எல்லோருக்கும் நீங்கள் மிஸ்டர் பிரோஷ்கா. உங்கள் கோடுகளில் ஓர் ஆம்பளையின் பலம் தெரிகிறது என்று பாராட்டிய பத்திரிகையை ஃப்ரிட்ஜில் ஒட்டி வைத்திருந்தீர்களே!

எனக்கா புரியாது? ஆபீஸில் இன்றைக்கும் நான் கோவிந்தராஜன். அது எங்கப்பா பெயர்! அப்பா இங்கே வந்திருந்தபோது மேனேஜர் என்னைப் பார்த்து, "ஹாய் கோவிந்தராஜன்" என்றதும், அப்பா எழுந்து நின்று கை கொடுத்துவிட்டார்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்தத் தடவையாவது என் பேரை ஒழுங்கா போடச் சொல்லு சுமதி" என்றீர்கள். இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட ஒரே காரியம். அதைச் செய்யாவிட்டால் நான் என்ன மனுஷி?

கண்காட்சியை நடத்தும் டேனியலிடம் இரண்டு வாரம் மல்லுக்கு நின்றேன். "அவங்களே எல்லாப் படத்துலயும் வாடாஷ் பிரோஷ்கான்னுதானே கையெழுத்து போட்டிருக்காங்க?" என்றார். "அது ஃபார்ம்ல வந்த தப்பு. பேரு முன்னாடி, குடும்பப் பேரு பின்னாடி. மாத்துங்க" என்றேன். என் தொல்லை தாங்காமல் மாற்றினார். வாசல் சுவரில் ஓரடி உயர ஸ்டிக்கர் எழுத்துகளில், பிரோஷ்கா வாடாஷ்.

வெள்ளிக்கிழமை உங்கள் தங்கை ஆக்னெஷ் புடாபெஸ்டிலிருந்து வந்து இறங்கினார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை, ஏர்போர்ட்டிலிருந்து நேரே அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். மெடல் வாங்கப் போகிறவள் மாதிரி நின்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "இது யாரு?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"எங்க ஊர்ல குடும்பப் பேருதான் முதல்ல வரும். அக்கா சரியாத்தான் சொன்னா, ஃபார்ம்லதான் கட்டம் மாறிப்போச்சு. அதான் கடைசி வரைக்கும் படத்துல அப்படியே கையெழுத்து போட்டா."

ஐயோ அக்கா! வாழ்நாளெல்லாம் கோ. சுமதி என்று எழுதியவள் நான். அப்பாவை முன்னால் நிறுத்திவிட்டுத்தான் நானே வருவேன். எனக்கல்லவா இது முதலில் தோன்றியிருக்க வேண்டும்? நாடே உங்களை ஆம்பளை என்று நினைத்தபோதும் நீங்கள் காப்பாற்றி வைத்திருந்த பெயரை, நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நான் போய்க் கெடுத்துவிட்டேனே! அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆக்னெஷுக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

டேனியல் ஏணியைக் கொண்டுவந்தார். "ஐ டோல்ட் யூ" என்பதோடு விட்டார், நல்ல மனுஷன். பிய்த்த எழுத்து திரும்ப ஒட்டாது என்பதால் கடை மூடுவதற்குள் புதிதாக வெட்டி வாங்கி வந்தோம். நான் ஏணிமேல், ஆக்னெஷ் ஏணியைப் பிடித்தபடி. "லெஃப்ட் மா, லெஃப்ட்! யுவர் அதர் லெஃப்ட்!" என்று கீழே என் மகள் நிலாவின் அதிகாரம். வாடாஷ் முன்னால், பிரோஷ்கா பின்னால். அதன் கீழே ஒரு வரி: வாடாஷ் குடும்பப் பெயர், பிரோஷ்கா அவர் பெயர், அவர் ஒரு பெண்.

சனிக்கிழமை கூடம் நிரம்பியதும் ஆக்னெஷ் சுவருக்கு எதிரே போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் டீச்சர் இப்படித்தான் கூப்பிடுவார் என்று சொல்லிவிட்டு, கூடம் அதிர, "வாடாஷ் பிரோஷ்கா!" என்றார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாய் என்னைக் கேட்கவில்லை அக்கா. "உள்ளேன் அம்மா!" என்று கத்திவிட்டேன்.

நம்ம ஊர்க்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று ஆக்னெஷ் கேட்டார். வந்திருக்கிறாள் என்று அர்த்தம் என்றேன். அதுவரை சிரித்துக்கொண்டே இருந்தவர் என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார்.

இனி எந்த ஊரில் உங்கள் படம் மாட்டினாலும், கதவு திறக்குமுன் நான் போய்ச் சுவரைப் படித்துவிடுவேன். யார் உங்களைக் கூப்பிட்டாலும் குரல் கொடுக்க நான் இருக்கிறேன்.

மில்பிடாஸில் நீங்கள் தேடிக்கொண்ட தங்கை,
சுமதி